பலகையில் ஒரு சாண் இடம்

முதலாளி கோ சுண்ணக்கட்டியை நீட்டி
"தமிழில் எழுது" என்றார்.
மற்ற மூன்று மொழியும் மேலேயே உட்கார்ந்திருந்தன.
கீழே எனக்கு ஒரு சாண் இடம்.

தோ பாயோ எட்டாம் லோரோங் சந்தை.
விடிகாலை ஐந்தேகால்.
பெட்டிகள் உடைபடுகின்றன,
உருகிய பனிக்கட்டி என் செருப்புக்குள்.

விளச்சி என்று எழுதலாம்,
கைப்பேசி அப்படித்தான் சொல்கிறது.
விளச்சி என்று கேட்டுக்கொண்டு
இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை.
ஊரிலிருந்து புதிதாய் வந்தவர்களுக்கு அது லிச்சி,
இங்கேயே பிறந்தவர்களுக்கு லைச்சி,
பேருந்து ஓட்டும் தவசீலனுக்கோ
"முடிவெட்டிக்கொண்ட ரம்புத்தான்."

லைச்சி என்றே எழுதினேன்.
லையின் கொம்பு இடம் போதாமல்
மலாய் எழுத்தை முட்டி நின்றது.

"மூன்று வகை வந்திருக்கு, மூன்றையும் எழுது."
அவர் சீனத்தில் சொல்லி விளக்க விளக்க
எனக்குத் தெரிந்த தமிழில் பிடித்துப் போட்டேன்.

அரசியின் சிரிப்பு.
தோலில் பாதி பச்சையாகவே நிற்கும்,
காயை விற்கிறாயா என்று திட்டு வாங்கித் தரும்.
உள்ளே தேன்.

கரு இலை.
அடர்சிவப்பு, லேசான புளிப்பு,
கோலிக்குண்டுபோல் கொட்டை.
அதனால் விலை மலிவு.

ஒட்டரிசி உருண்டை.
இதில் கொட்டை வளராமல் சூம்பி
ஒரு கிராம்பாகிவிடும்.
விதை தோற்ற இடமெல்லாம் சதை.
கிலோவுக்கு இரண்டு மடங்கு.

தோற்றதற்கா இவ்வளவு விலை என்று கேட்டேன்.
கோ சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஒரு பழத்துக்கு மூன்று தீ என்பார் அவர்.
நாலைந்துக்கு மேல் தின்றால் தொண்டை எரியும்,
உரித்து உப்புத் தண்ணீரில் ஊறவை என்பார்.
மாம்பழத்தைப் பற்றி எங்கள் வீட்டிலும் இதே வழக்கு.
சூடு என்ற ஒரு சொல்லில்
நானும் அவரும் கூட்டாளிகள்.

தள்ளுவண்டிக் குழந்தையோடு வந்த பெண்
சத்து என்ன என்று கேட்டாள்.
ஏறத்தாழ பத்துப் பழத்தில்
ஒரு நாளைக்கான வைட்டமின் சி, என்றேன்.
வெறும் வயிற்றோடு பிள்ளைக்கு வேண்டாம்,
சோறு ஊட்டிவிட்டு ஒன்றிரண்டு,
கொட்டையை நீங்களே எடுத்துவிட்டு.
பானக்கடை ரோகாயா குறுக்கே புகுந்து
"என் டின் லைச்சியில் கொட்டையே கிடையாது" என்றாள்.
"சர்க்கரைதான் முழுக்க" என்று அவளே முடித்தாள்.

பத்து மணிக்குத் தவசீலன், சீருடையோடு.
"பலதுறை மருந்தகத்தில் சொல்லிட்டாங்க தங்கச்சி.
ஆறு. அதுக்கு மேலே கூடாது."
எண்ணி விற்கும் பழக்கம் இல்லை எங்களுக்கு.
அவர் கை நேராக ஒட்டரிசி உருண்டைக்குப் போனது.

அண்ணே, அதில் எல்லாம் சதை,
எல்லாம் சர்க்கரை.
கரு இலை எடுங்கள்.
பாதிக் கணக்கைக் கொட்டையே தின்றுவிடும்.

என்னை ஒரு பார்வை பார்த்தார்,
பேருந்து நிற்கும்முன் மணி அடிக்காத பயணியைப்
பார்ப்பதுபோல்.
பிறகு ஆறு கரு இலை எடுத்தார்,
ஒவ்வொன்றாய் உருட்டிப் பார்த்து,
பெண் பார்க்கும் நிதானத்தோடு.
நூற்று இருபது கிராம்.

மாலையில் வெயில் ஏறி
எஞ்சிய பழங்களின் தோல் பழுப்பானது.
பலகையில் யாரோ தோள் உரசி
அரசி போய்விட்டாள், சிரிப்பு மட்டும் இருந்தது.

மறுநாள் தவசீலன் வந்தார்.
சட்டைப்பையிலிருந்து ஆறு கொட்டைகளை எடுத்துத்
தராசில் வைத்தார்.
கழுவித் துடைத்தவை, பாலிஷ் போட்ட காலணிபோல் மினுங்கின.
இருபது கிராம்.

"நேற்றைய கணக்கில் இதைக் கழிச்சிடுங்க."

கோ சிரிக்கவில்லை.
முள்ளைக் குனிந்து பார்த்தார்,
ஒரு பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

ஏழு, என்றேன் நான்.

தோலை நகத்தால் கீறிக்கொண்டே
தவசீலன் சொன்னார்:
"இன்னைக்கு இதுதான்
முதல்."